ஓக் பள்ளியின் பெயர்ப் பட்டியல்

ஆசிரியர் கூட்டம் முடியும் நேரம். பேச வேண்டியதெல்லாம் பேசியாகிவிட்டது. "அப்புறம், ஹார்வர்டுக்காக நடத்துகிறோமே அந்தத் தேர்வு, அதில் யார் எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள விருப்பமிருந்தால்..." என்று பேச்சோடு பேச்சாக ஒரு சங்கதி வந்து விழுந்தது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு சின்னப் பட்டியல். வகுப்புக்கு ஏறக்குறைய 5 பெயர்கள். இந்தப் பிள்ளைகள் இந்த ஆண்டு கிடுகிடுவென்று முன்னேறப் போகிறார்கள், தேர்வு அப்படிக் காட்டுகிறது என்பதுதான் செய்தி. இவர்களுக்குத் தனி வகுப்பு எடுங்கள், கூடுதலாகக் கவனியுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

உண்மையில் தேர்வு அப்படி எதையும் காட்டவில்லை. அந்தப் பெயர்கள் சமவாய்ப்பு எண் அட்டவணையை வைத்துப் பொறுக்கியவை. சீட்டுக் குலுக்கி எடுத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது 1964-இல், கலிபோர்னியாவின் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில். ஆய்வறிக்கையில் அதற்கு 'ஓக் பள்ளி' என்று மாற்றுப்பெயர். உண்மைப் பெயர் ஸ்புரூஸ் பள்ளி, ஊர் சவுத் சான்பிரான்சிஸ்கோ. ஒரு மரத்தை மறைக்க இன்னொரு மரத்தின் பெயர்! பி.எட். படித்தவர்கள் கல்வி உளவியல் தாளில் 'பிக்மாலியன் விளைவு' என்று ஒரு பத்தி எழுதியிருப்பார்கள். அந்தப் பத்தி பிறந்த இடம் இதுதான். ஆசிரியர் நம்பினால் பிள்ளை வளரும், 5 மதிப்பெண். நானும் அப்படித்தான் எழுதினேன். பிறகு பல ஆண்டுகள் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் அதையே சொல்லிக்கொண்டும் இருந்தேன். மூல ஆய்வையும் அதன்மேல் வந்த விமர்சனங்களையும் உட்கார்ந்து படித்தபோதுதான், நான் சொல்லிவந்தது கதையில் பாதிகூட இல்லை என்று தெரிந்தது. எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் பகுதிதான் இதில் அதிகம் ஆட்டம் காண்கிறது. அந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளை எந்த அறையில் உட்கார்ந்திருந்தது என்ற விஷயத்தை யாரும் தேர்வுக்குப் படிப்பதில்லை. எனக்கு இப்போது அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஊர், பள்ளி, மூன்று அறைகள்

சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தை ஒட்டிய ஊர். பக்கத்துக் குன்றின் சரிவில் 'சவுத் சான்பிரான்சிஸ்கோ, தொழில் நகரம்' என்று ராட்சத வெள்ளை எழுத்துகள் பதித்திருப்பார்கள். 1920-களிலிருந்து அங்கே இருக்கின்றன. இறைச்சி ஆலை, உருக்காலை, பெயிண்ட் தொழிற்சாலை என்று ஆலைவேலையை நம்பி வளர்ந்த ஊர். பள்ளி இருந்தது கொஞ்சம் பழசாகிப்போன பகுதியில். நடுத்தர வர்க்கப் பிள்ளைகள் சிலர் வந்தார்கள். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள், அரசு உதவித்தொகையில் வாழும் குடும்பத்துப் பிள்ளைகள், மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் ஆகியோரே அதிகம். மெக்சிகோ வம்சாவளியினர் மட்டும் பள்ளியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

கிண்டர்கார்டன் போக, ஒன்று முதல் ஆறு வரை வகுப்புகள். ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று அறைகள், ஆக மொத்தம் 18. அறைகளைப் பெயர் அகரவரிசையில் பிரிக்கவில்லை. வேகமாகப் படிப்பவர்களுக்கு ஓர் அறை, நடுத்தரமானவர்களுக்கு ஓர் அறை, மெதுவானவர்களுக்கு ஓர் அறை. எந்தப் பிள்ளை எந்த அறைக்கு என்பதைப் பெரும்பாலும் வாசிப்புத் திறனை வைத்து முடிவு செய்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வாசிப்பு என்றால் ஆங்கில வாசிப்பு. வீட்டில் ஸ்பானிஷ் பேசும் 6 வயதுப் பிள்ளையும் வீட்டிலேயே ஆங்கிலம் பேசும் 6 வயதுப் பிள்ளையும் ஒரே பக்கத்தை வாசிக்கிறார்கள். முதல் பிள்ளை தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றம் 'மெதுவான பிள்ளை' என்று பதிவாகிறது. மெதுவான அறையில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் தங்கள் விகிதத்தைவிட அதிகமாக இருந்ததில் ஆச்சரியமில்லை. பள்ளியின் கண்ணுக்கு அது திறமையின் வரிசை. வெளியிலிருந்து பார்த்தால் அதில் பாதி வீட்டுமொழியின் வரிசை, வருமானத்தின் வரிசை.

நான் படித்த பள்ளியிலும் 'சி செக்ஷன்' என்று ஒன்று இருந்தது. அது எப்படி அமைந்தது என்று யாரும் சொன்னதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். இன்ஸ்பெக்ஷன் அன்று அதிகாரிகளை ஏ செக்ஷனுக்குத்தான் அழைத்துப் போவார்கள்.

எலியிலிருந்து பிள்ளைக்கு

ஆய்வை நடத்தியவர்கள் இருவர். ஒருவர் ராபர்ட் ரோசந்தால், ஹார்வர்டில் உளவியல் ஆசிரியர். இன்னொருவர் லெனோர் ஜேக்கப்சன், அந்த ஊரிலேயே தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்.

ரோசந்தால் அதற்குமுன் எலிகளை வைத்து ஒரு வேலை செய்திருந்தார். கெர்மிட் ஃபோட் என்பவரோடு சேர்ந்து 12 மாணவர்களுக்கு ஆளுக்கு 5 எலிகள் கொடுத்தார். பாதிப் பேரிடம் 'இவை புதிர்ப்பாதையில் கெட்டிக்கார இனம்' என்றும், மீதிப் பேரிடம் 'இவை மந்தமான இனம்' என்றும் சொல்லி வைத்தார். எலிகள் எல்லாம் ஒரே ரகம். ஆனாலும் கெட்டிக்கார எலிகள் கெட்டிக்காரத்தனமாகவே ஓடின. ஆய்வு செய்பவரின் எதிர்பார்ப்பு முடிவில் எப்படிக் கலக்கிறது என்பதுதான் அப்போது அவருடைய அக்கறை. பள்ளிக்கூடம் அவர் மனத்தில் ஒரு ஓரத்தில்தான் இருந்தது.

1963-இல் வந்த அவர் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு ஜேக்கப்சன் கடிதம் எழுதினார். எலிகளை முடித்துவிட்டுப் பிள்ளைகளிடம் வருவதாக இருந்தால் என்னால் ஆன உதவியைச் செய்கிறேன் என்ற அர்த்தத்தில். இந்த ஆய்வைப் பற்றிப் பேசும்போது ரோசந்தால் பெயர்தான் முன்னால் வரும். ஆனால் பள்ளிக்குள் நடப்பதை நேரில் கண்டு, கேள்வியைப் பள்ளிக்குள் இழுத்து வந்தது ஒரு தலைமை ஆசிரியர் என்பதை நான் ஒவ்வொரு முறையும் அழுத்திச் சொல்வதுண்டு.

1964 மே மாதம் கிண்டர்கார்டன் முதல் 5-ஆம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு தேர்வு வைத்தார்கள். ஆறாம் வகுப்பை விட்டுவிட்டார்கள், அவர்கள் அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள் என்பதால். தேர்வின் உறையில் பகட்டாக ஒரு பெயர் அச்சடித்திருந்தது. அறிவு மலர்ச்சியை முன்கூட்டியே சொல்லும் புதுவகைத் தேர்வு, விடைத்தாள் ஹார்வர்டுக்குப் போகும் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். உள்ளே இருந்தது ஃபிளனகன் என்பவர் உருவாக்கிய சாதாரண நுண்ணறிவுத் தேர்வு, ஐ.க்யூ. கணக்கிட உதவும் வகை. அப்போது புதிது என்பதால் ஆசிரியர்களுக்குப் பழக்கமில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கான கேள்வி ஒன்று இப்படி இருந்தது. ஓர் உடை, ஒரு பூ, ஓர் அஞ்சல் உறை, ஓர் ஆப்பிள், ஒரு டம்ளர் தண்ணீர் என்று ஐந்து படங்கள். 'இதில் தின்னக்கூடியதைக் குறி' என்று ஆசிரியர் சொல்வார். பிள்ளை கிரேயானால் கோடு போட வேண்டும். இது சொல்லறிவுப் பகுதி. சிந்தனைப் பகுதியில் நான்கு சதுரம், ஒரு வட்டம் என்று வரைந்திருக்கும். சேராததை அடிக்க வேண்டும். எளிமையானதுதான். ஆனால் 'தின்னக்கூடியது' என்ற சொல் இங்கிலீஷில் காதில் விழுந்து புரிந்தால்தான் ஆப்பிளுக்கே போக முடியும்.

செப்டம்பரில் பட்டியல் கொடுத்தாயிற்று. அதன்பின் அதே தேர்வை நான்கு மாதம் கழித்து ஒரு முறை, ஆண்டு முடிவில் ஒரு முறை, அடுத்த ஆண்டு மே மாதம் ஒரு முறை வைத்தார்கள்.

எண்களைப் பிரித்துப் பார்த்தால்

ஆண்டு முடிவில் கணக்கில் நின்றவர்கள் 320 பிள்ளைகள். பட்டியலில் பெயர் வந்தவர்கள் 65, வராதவர்கள் 255. பெயர் வராத பிள்ளைகளின் ஐ.க்யூ. சராசரியாக 8.42 புள்ளி கூடியிருந்தது. பெயர் வந்தவர்களுக்கு 12.22. வித்தியாசம் 3.8 புள்ளி. இவ்வளவுதான் மொத்தப் பள்ளிக்குமான விளைவு.

புகழ் வந்தது இதனால் அல்ல. முதல் இரண்டு வகுப்புகளின் எண்களால் வந்தது. ஒன்றாம் வகுப்பில் பெயர் வராதவர்கள் 12.0 புள்ளி கூடினார்கள், வந்தவர்கள் 27.4. இரண்டாம் வகுப்பில் 7.0-க்கு எதிராக 16.5. யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும் எண்கள். பெயர் வந்தவர்களில் 47 சதவீதம் பேர் 20 புள்ளிக்கு மேல் கூடினார்கள், வராதவர்களில் அது 19 சதவீதம்தான் என்று படம் போட்டுக் காட்டினார்கள்.

சரி, அந்த 47 சதவீதம் எத்தனை பிள்ளைகள்? ஒன்றாம் வகுப்பில் பட்டியலில் இருந்தவர்கள் 7 பேர். இரண்டாம் வகுப்பில் 12 பேர். மொத்தம் 19. அதில் 47 சதவீதம் என்றால் 9 பிள்ளைகள். உலகம் முழுக்க ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் ஒப்பிக்கப்படும் விதி 19 பிள்ளைகளின் தோளில் நிற்கிறது.

மேல் வகுப்புகளுக்குப் போனால் கதை அடங்கிவிடுகிறது. மூன்றாம் வகுப்பில் இரு தரப்பும் 5 புள்ளி. ஐந்தாம் வகுப்பில் பெயர் வராதவர்கள் 17.5, வந்தவர்கள் 17.4. ஆறாம் வகுப்பில் பெயர் வராதவர்களே கொஞ்சம் மேலே, 10.7-க்கு 10.0. மதிப்பெண் அட்டையில் 11 பாடங்களைப் பார்த்தார்கள், வாசிப்பு ஒன்றில் மட்டுமே சொல்லத்தக்க வேறுபாடு தெரிந்தது.

இதைவிட வேடிக்கை, ஆசிரியர்களில் பெரும்பாலோர் பட்டியலை ஒரு தரம் பார்த்துவிட்டு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றார்கள். பலர் தூக்கியே போட்டுவிட்டார்கள். பிறகு கேட்டபோது பட்டியலில் யார் இருந்தார்கள் என்பதே பலருக்கு நினைவில்லை. பெயரே நினைவில்லாத பிள்ளையிடம் எதிர்பார்ப்பு மட்டும் எப்படி வேலை செய்தது? நினைவில் தங்காமலேயே மனப்பான்மை மாறலாம் என்று சொல்ல இடம் உண்டு. அந்த இடம் கொஞ்சம் குறுகலானது.

யாரும் ஒப்பிக்காத பக்கம்

முதல் ஆண்டு முடிவில் பிள்ளைகளின் குணம், நடத்தை பற்றி ஆசிரியர்களிடம் கேட்டார்கள். பட்டியலில் இருந்த பிள்ளைகளைப் பற்றி நல்ல வார்த்தைகள் வந்தன: ஆர்வமானவர்கள், மகிழ்ச்சியானவர்கள், வாழ்க்கையில் முன்னுக்கு வருவார்கள். இது எதிர்பார்த்ததுதான்.

பட்டியலில் இல்லாத பிள்ளைகளிலும் நிறையப் பேர் அந்த ஆண்டு முன்னேறியிருந்தார்கள். யாரும் வாக்குக் கொடுக்காமல் தாங்களாகவே. இவர்களைப் பற்றி ஆசிரியர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? எந்த அளவுக்கு முன்னேறினார்களோ அந்த அளவுக்குக் குறைவாக மதிப்பிட்டார்கள். அதிலும் மெதுவான அறையில் இருந்துகொண்டு, பட்டியலிலும் பெயர் இல்லாமல், கடகடவென்று ஏறிய பிள்ளைகள் மேல் பார்வை இன்னும் கசப்பாக இருந்தது.

இந்தப் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் திடீரென்று சரியான விடை சொன்னால் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும், கேட்டிருப்பீர்கள். "யாரைப் பார்த்து எழுதினே?" என்பதுதான் அவனுக்குக் கிடைக்கும் முதல் பாராட்டு. நானே ஒருமுறை அப்படிக் கேட்டிருக்கிறேன். கணக்கில் எப்போதும் 30 தாண்டாதவன் 72 வாங்கியிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தவன் தாளை வாங்கி ஒப்பிட்டும் பார்த்தேன். பக்கத்துப் பையன் 58.

மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளைப் பற்றி ஆய்வாளர்கள் இன்னொன்றும் செய்தார்கள். அவர்களின் புகைப்படங்களை ஆசிரியர்கள் சிலரிடம் காட்டி, யார் முகம் எவ்வளவு மெக்சிகோக்காரர் போல் இருக்கிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். இன்று கேட்டால் முகம் சுளிக்கத் தோன்றும் வேலைதான். ஆனால் பையன்களிடம் ஒரு போக்கு தெரிந்தது. முகத்தில் மெக்சிகோ அடையாளம் தூக்கலாக இருந்த பையன்களுக்கே பட்டியலில் பெயர் வந்ததால் அதிக ஆதாயம். அவர்களிடம் ஆசிரியர்கள் அதுவரை வைத்திருந்த எதிர்பார்ப்பு ஆகக் குறைவாக இருந்திருக்கும், அதனால்தான் பட்டியல் அங்கே பெரிய மாற்றத்தைச் செய்தது என்பது ஆய்வாளர்களின் ஊகம். பிள்ளைகளின் எண்ணிக்கை மிகக் குறைவு, ஆகவே இதை நான் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன். என்றாலும் முகத்துக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள முடிச்சை வெளிப்படையாக ஒரு கேள்வியாக எழுதி வைத்தார்கள், அது பெரிய விஷயம்.

ஏன் இப்படிப் பரவியது

காலம் அப்படி. 1966-இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் அமெரிக்க அரசுக்காக ஒரு மாபெரும் ஆய்வு வெளிவந்தது. ஏறக்குறைய 4,000 பள்ளிகள், சுமார் 6 லட்சம் மாணவர்கள். பிள்ளையின் தேர்ச்சியைப் பெரிதும் தீர்மானிப்பது குடும்பப் பின்னணிதான், பள்ளிக்குப் பள்ளி உள்ள வசதி வேறுபாடு அதற்கு மேல் அதிகம் சாதிப்பதில்லை என்று பலர் அதைப் படித்தார்கள். ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கென்று அதற்கு முந்தைய ஆண்டுதான் மத்திய அரசு பெரும் பணம் ஒதுக்கியிருந்தது. பணம் போட்டும் பயனில்லையா என்ற சோர்வு.

அதே 1966-இல்தான் ஓக் பள்ளி முடிவுகள் முதன்முதலாக ஓர் ஆய்விதழில் சுருக்கமாக வந்தன. கோல்மன் சொன்னதற்கு எதிர்ப்பாட்டு மாதிரி. பள்ளியால் முடியும், அதுவும் காசு செலவில்லாமல், ஆசிரியர் மனசு வைத்தால் போதும். 1967 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்துக்கு வந்தது. 1968-இல் புத்தகம். அதற்கு முன்பே, 1967-இல், வாஷிங்டன் நகரப் பள்ளிகளில் பிள்ளைகளைத் தரம் பிரித்து உட்கார வைக்கும் முறை செல்லாது என்று நீதிபதி ஸ்கெல்லி ரைட் தீர்ப்பளித்திருந்தார். கறுப்பினப் பிள்ளைகள் கீழ்த்தர வகுப்புகளில் குவிந்து கிடந்த நகரம் அது.

ஆனால் இந்த நம்பிக்கைக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. ஆசிரியர் எதிர்பார்ப்புதான் எல்லாம் என்றால், பிள்ளை தேறாமல் போனால் குற்றம் யார் தலையில் விழும்? அறைகளைப் பிரித்த நிர்வாகம் தப்பித்துக்கொள்ளும், மொழி புரியாத தேர்வைக் கொடுத்தவர் தப்பித்துக்கொள்வார். கடைசியில் அறைக்குள் நிற்கும் ஆசிரியர் மட்டும் மாட்டுவார்.

பதின்மூன்று அடித்த கடிகாரம்

விமர்சனம் சீக்கிரமே வந்தது, அதுவும் பலமான கையிலிருந்து. ராபர்ட் தார்ன்டைக், தாமே நுண்ணறிவுத் தேர்வுகள் தயாரித்தவர். 1968-இல் எழுதிய மதிப்புரையில் புத்தகத்தை உரித்துத் தொங்கவிட்டார். இந்த ஆய்வு எழுதியவர்களின் கண்ணைத் தாண்டி வெளியே வந்திருக்கவே கூடாது என்கிற அளவுக்கு.

அவர் காட்டிய ஓர் உதாரணம் போதும். ஒன்றாம் வகுப்பின் மெதுவான அறை. அந்தப் பிள்ளைகள் கிண்டர்கார்டனில் இருந்தபோது எழுதிய முதல் தேர்வில், சிந்தனைப் பகுதியில் அவர்கள் சராசரி ஐ.க்யூ. 31-ஐ ஒட்டி வந்திருந்தது. ஒரு பிள்ளைக்கு இல்லை, ஓர் அறையின் சராசரி. 6 வயதுப் பிள்ளைக்கு 31 என்றால் அதன் அறிவு வயது 2-ஐக்கூட எட்டவில்லை என்று அர்த்தம். வரிசையில் நின்று, பெயர் சொன்னால் எழுந்து, கிரேயானைக் கையில் பிடித்துத் தேர்வும் எழுதும் ஓர் அறை நிறையப் பிள்ளைகள்! இன்னொரு பிள்ளைக்கு ஒரு தேர்வில் 17, பிறகு 148 என்று பதிவாகியிருப்பதை வேறு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். பதின்மூன்று முறை அடிக்கும் கடிகாரத்தின் கடைசி அடியை மட்டும் சந்தேகித்தால் போதாது, முன்னால் அடித்ததையும் நம்ப முடியாது என்கிற பாணியில் தார்ன்டைக் எழுதினார். ஆய்வின் முடிவு சரியாகவேகூட இருக்கலாம், இருந்தால் அது தற்செயல் என்றும் ஒரு வரி.

விமர்சகர்கள் இந்த 31-ஐ ஆய்வின் ஓட்டையாகப் பார்த்தார்கள். நியாயம்தான். எனக்கு அது வேறு மாதிரியும் படுகிறது. அந்த எண் எந்த அறையிலிருந்து வந்தது? மெதுவான அறையிலிருந்து. தேர்வு எந்தப் பிள்ளைகளை அளக்கத் தெரியாமல் முட்டிக்கொண்டு நின்றதோ, அவர்களைத்தான் பள்ளியும் மூன்றாவது அறையில் வைத்திருந்தது. மே மாதம் சொன்னது புரியாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த பிள்ளை, அடுத்த மே மாதம் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் கொஞ்சம் பழகி நாலு கேள்விக்குக் கோடு போட்டால், அது 'அறிவு வளர்ச்சி' என்று பதிவாகும். பட்டியலில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இது என் கற்பனை இல்லை என்பதற்கு அதே மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லலாம். கலிபோர்னியாவின் மான்டரே மாவட்டத்தில் ஸ்பானிஷ் பேசும் 9 பிள்ளைகளை, ஆங்கிலத் தேர்வில் வாங்கிய ஐ.க்யூ.-வை வைத்து மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் போட்டிருந்தார்கள். அவர்கள் வாங்கியிருந்தது 30 முதல் 72 வரை. ஸ்பானிஷில் மறுபடி தேர்வு வைத்தார்கள். 9 பேரில் 7 பேர் அந்த வகுப்புக்கான எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். சராசரியாக 15 புள்ளி உயர்வு. மொழியை மாற்றியதுதான் நடந்த ஒரே காரியம். 1970-இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது, பிள்ளைகளை அவரவர் தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று மாநிலம் ஒப்புக்கொண்டது. அந்த 15 புள்ளிக்குப் பக்கத்தில் ஓக் பள்ளியின் 3.8-ஐ வைத்துப் பாருங்கள்.

மிச்சம் என்ன

அப்படியானால் பிக்மாலியன் விளைவு பொய்யா என்று பயிற்சியில் கேட்பார்கள். பொய் இல்லை, சிறியது. 1984-இல் ஸ்டீபன் ரௌடன்புஷ், இதே மாதிரி செய்யப்பட்ட 18 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். ஆசிரியருக்குப் பிள்ளைகளோடு இரண்டு வாரமோ அதற்குக் குறைவாகவோ பழக்கம் இருந்தபோது பட்டியல் கொடுத்தால் விளைவு தெரிந்தது. அதற்கு மேல் பழகிவிட்டால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பிள்ளையை நேரில் அறிந்த ஆசிரியர், ஹார்வர்டு என்ன சொன்னாலும் தன் கண்ணைத்தான் நம்புகிறார். நல்ல செய்திதான். ஆனால் அவர் கண் முதல் இரண்டு வாரத்தில் எதைப் பார்த்து முடிவு செய்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 2005-இல் லீ ஜுசிமும் கென்ட் ஹார்பரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னதும் இதற்கு ஒத்துப்போகிறது. பொதுவாக விளைவு சிறியது, ஆனால் சமூகத்தில் ஏற்கெனவே தாழ்வாகப் பார்க்கப்படும் பிள்ளைகளிடம் அது பெரிதாக இருக்கக்கூடும்.

நம் பள்ளிகளுக்கு இது எங்கே வந்து தட்டுகிறது என்று சொல்லாமல் போனால் சரியாக இருக்காது. ரோசந்தாலும் ஜேக்கப்சனும் பட்டியலில் இருந்த பிள்ளைகளை 'மலரப் போகிறவர்கள்' என்றார்கள். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 1 முதல் 3 வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் கற்றிருக்கும் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான். நோக்கமும் வேறு: ஒரே அறையில் வைத்துக்கொண்டே பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து பாடம் தொடங்க வேண்டும், அரும்பு மொட்டாக வேண்டும் என்பது திட்டம். ஓக் பள்ளியின் மூன்றாவது அறையை விட நூறு மடங்கு மேல். ஆனால் பள்ளிகளுக்குப் போகும்போது "இவன் அரும்பு சார்" என்று பிள்ளையின் காதுபடச் சொல்வதைக் கேட்கிறேன். ஜூனில் அரும்பாக இருந்தவன் பிப்ரவரியிலும் அரும்பா, நடுவில் யாராவது பார்த்தீர்களா என்று நான் கேட்பேன். பழைய சொல்லான 'மெல்லக் கற்போர்' என்பதற்குப் பூப்பெயர் வைத்தாயிற்று என்று ஒரு தலைமை ஆசிரியர் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ரௌடன்புஷ் சொன்ன இரண்டு வாரத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு யோசனை சொல்லி வருகிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முதல் இரண்டு வாரம் பழைய மதிப்பெண் பதிவேட்டைத் திறக்க வேண்டாம், பிள்ளையைப் பிள்ளையாகப் பாருங்கள் என்று. போன ஆண்டு ஒரு பயிற்சியில் இதைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஓர் ஆசிரியை கையைத் தூக்கினார். "பதிவேடு எதுக்கு சார்? அவங்க அண்ணனுக்கு நான்தானே பாடம் எடுத்தேன்."

வகுப்பு சிரித்தது. எனக்கு அப்போது பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து தேடினால், அதையே ஒருவர் ஆய்வு செய்து வைத்திருக்கிறார். 1973, சீவர் என்பவர். பட்டியலும் இல்லை, பொய்யும் இல்லை. பள்ளியில் ஏற்கெனவே இருந்த பதிவுகளை எடுத்து, அண்ணனுக்கோ அக்காவுக்கோ பாடம் எடுத்த அதே ஆசிரியரிடம் வந்து சேர்ந்த பிள்ளைகளையும், வேறு ஆசிரியரிடம் போன பிள்ளைகளையும் ஒப்பிட்டார். மூத்தது நன்றாகப் படித்திருந்தால், அதே ஆசிரியரிடம் வந்த இளையதுக்கு லாபமாக இருந்தது. மூத்தது சுமாராக இருந்த வீட்டில், வேறு ஆசிரியரிடம் போன இளையதே நன்றாகப் படித்திருந்தது.